தொட்டியின் மூடி திறக்கும் முன்

கேள்வி: கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய தொழிலாளர்கள் இறந்துபோன செய்தியைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனத்துப்போகிறது. என் கணவரோ, “அது அரசாங்கமும் கோர்ட்டும் பார்க்க வேண்டிய விஷயம். நாம் ஒரு முடிவுக்கு வந்து என்ன ஆகப்போகிறது?” என்கிறார். பொது விஷயங்களில் தனிமனிதருக்கென்று ஓர் அறநிலைப்பாடு தேவையா?

– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கட்டாயம் தேவை. நீங்கள் கேட்டிருக்கும் விஷயத்தில் அரசும் நீதிமன்றமும் சும்மா இருந்துவிடவில்லை. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்கு எதிராக 1993-இல் ஒரு சட்டம் வந்தது. 2013-இல் வந்த சட்டம், பாதுகாப்புக் கருவிகள் இன்றி ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டியிலோ பாதாளச் சாக்கடையிலோ இறக்கினால், முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு என்றது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டுமென்று 2014-இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அப்படியும் சாவுகள் நிற்கவில்லை. ஏனென்றால், வீட்டுத் தொட்டி நிரம்பியதும் ஆளைக் கூப்பிடுகிறவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் குடியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் தொட்டியைச் சுத்தம் செய்ய லாரி வந்தது. தண்ணீரை உறிஞ்சி எடுத்த பிறகும் அடியில் சேறு இறுகிக் கிடக்கவே, “ஆளை இறக்கினால் அரை மணியில் முடிந்துவிடும்” என்றார் ஒருவர். வந்திருந்த தொழிலாளி அதற்குள் சட்டையைக் கழற்றி மடித்து, செல்போனை அதன்மேல் வைத்துவிட்டுச் செருப்பையும் கழற்றிவிட்டார். மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற பத்துப் பேரில் நானும் ஒருவன், வாய் திறக்கவில்லை. கீழ்த்தளத்தில் இருந்த பெரியம்மாதான் முன்னால் வந்து, “யாரும் இறங்க வேண்டாம். தண்ணீர் அடித்துச் சேற்றைக் கரைத்துவிட்டு, லாரியை நாளைக்குத் திரும்ப வரச்சொல்லுங்கள். ஒரு நாள் கக்கூஸ் புழங்காமல் சமாளித்துக்கொள்ளலாம்” என்றார். மறுநாள் அப்படியே வேலை முடிந்தது.

இந்தச் சாவுகளைப் பற்றி அவரைவிட நான் அதிகம் படித்திருந்தேன். வருத்தமும் எனக்குக் குறைவாக இருக்கவில்லை. ஆனால் என்ன நேர்ந்தாலும் ஒருவரை உள்ளே இறங்க விடுவதில்லை என்ற முடிவு அவரிடம் முன்பே இருந்தது, என்னிடம் இல்லை. அவசரமும் நாற்றமும் சூழ்ந்து நிற்கும் நேரத்தில் உட்கார்ந்து யோசித்து யாராலும் முடிவெடுக்க முடியாது.

அந்த முடிவைக் கட்சியிடமோ தொலைக்காட்சி விவாதத்திடமோ இரவல் வாங்கவும் முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று நாமே விசாரித்து அறிய வேண்டும். தொட்டியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டைபோல நாறும். அளவு கூடினால் மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும் என்பதால், நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவர் சில நொடிகளில் மயங்கி விழக்கூடும். அவரைத் தூக்கக் குனிகிறவருக்கும் அதே கதிதான்.

இதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். உங்கள் வீட்டுத் தொட்டி நிரம்பும்போது யாரைக் கூப்பிடுவது, லாரிக் குழாயால் முடியாவிட்டால் என்ன செய்வது, அதற்கு ஆகும் கூடுதல் செலவை ஏற்கிறோமா என்பதை இருவரும் இப்போதே பேசி வையுங்கள்.