தேயிலை மலிந்தும் ஏன் கலகம்?

பிரிட்டனின் 1773 தேயிலைச் சட்டத்தால் விலை குறைந்தும், அதன் அமெரிக்கக் குடியேற்றங்களில் ஒன்றான மாசசூசெட்ஸின் பாஸ்டன் நகர மக்கள் ஏன் பொங்கினார்கள் என்று உங்கள் மகள் கேட்டது மிகச் சரியான கேள்வி. சினம் விலைமீது அல்ல. ஒரு பவுண்டு எடைத் தேயிலைக்கு 3 பென்ஸ் என்ற பழைய வரி அப்படியே நீடித்தது. மலிவுக்கு மயங்கி வாங்கினால், தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத லண்டன் நாடாளுமன்றம் வரி விதிக்கலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். 1766-இல், ஆவணங்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் வரி விதித்த முத்திரைச் சட்டத்தைத் திரும்பப் பெற்ற கையோடு, குடியேற்றங்களுக்கு எந்தச் சட்டமும் இயற்றும் உரிமை தனக்கு உண்டென்று அந்த நாடாளுமன்றம் அறிவித்திருந்தது. அந்த அறிவிப்பை அவசியம் படிக்கச் சொல்லுங்கள்! கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவர்களே தேயிலையை விற்க ஏற்பாடானதால் உள்ளூர் வணிகர்களின் பிழைப்பும் கெடும் நிலை வந்தது. எதிர்ப்பாளர்கள் 342 தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்தார்கள். ஆனாலும் கலகத்தை அமெரிக்க விடுதலைப் போர்வரை தள்ளியவை, பாஸ்டன் துறைமுகத்தை மூடி மாசசூசெட்ஸின் தன்னாட்சியைப் பறித்த 1774 தண்டனைச் சட்டங்கள்தான் என்பேன்.