முதல் முறை கர்ப்பமாக இருக்கிறேன், 7 வாரம் ஆகிறது. உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்வது, இனி என்னவெல்லாம் எதிர்பார்க்கலாம்?

முதலில் வாழ்த்துகள். நான் டாக்டர் இல்லை, இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள். டாக்டரிடம் கேட்டது, நர்ஸுகள் சொல்லித் தந்தது, தடுமாறி நானே கற்றது எல்லாவற்றிலும் உங்களுக்கு இப்போது உதவக்கூடியதை எழுதுகிறேன்.

7 வாரம் என்பது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து போடும் கணக்கு. கரு தரித்தது அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான். அதனால் கருவுக்கு இப்போது சுமார் 5 வார வயது. இது தெரியாமல் முதல் ஸ்கேன் அறிக்கையைப் பார்த்து நான் ரொம்பக் குழம்பிப்போனேன். பிரசவத் தேதியும் இதே கணக்குதான்: 40 வாரம், அதாவது 280 நாள். சரியாக அந்தத் தேதியில் பிறக்கும் குழந்தைகள் கொஞ்சம்தான். 37 வாரம் முடிந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் வலி வரலாம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மசக்கை இப்போது தொடங்கியிருக்கும். பெரும்பாலும் 9, 10 வாரத்தில்தான் உச்சத்துக்குப் போகும், 16 வாரத்துக்குள் பலருக்கு அடங்கிவிடும். காலையில் மட்டும்தான் வரும் என்றில்லை, எனக்குச் சாயங்காலம்தான் படுத்தி எடுத்தது. வயிறு காலியாக இருந்தால் குமட்டல் கூடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிடுங்கள். சரியாகச் சாப்பிட முடியவில்லையே, குழந்தை வாடிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் கூடுதல் உணவே தேவைப்படாது. நடு மூன்று மாதத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 340 கலோரியும் கடைசி மூன்று மாதத்தில் சுமார் 450 கலோரியும் கூடுதலாகப் போதும். 'இரண்டு பேருக்காகச் சாப்பிடு' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஆனால் தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் கொஞ்சமாகப் போகிறது என்றால் அது சாதாரண மசக்கை இல்லை. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உங்கள் வாரத்தில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். லேசாக ரத்தம் பட்டாலே கரு கலைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, பல பேருக்கு அதன் பிறகும் எல்லாம் நன்றாகவே போயிருக்கிறது. ஆனாலும் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் என்று வந்தால் ஒரு நிமிஷமும் காத்திருக்காதீர்கள். கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருந்தால் அப்படி வரலாம்.

ஃபோலிக் அமில மாத்திரை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பீர்கள். இல்லையென்றால் இன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள். வழக்கமான அளவு ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம். சர்க்கரை நோய், வலிப்பு நோய் மாதிரி ஏதாவது இருந்தால் கூடுதல் அளவு தருவார்கள்.

இரும்புச் சத்து மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் தவறு செய்தது இதில்தான். கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. சிவப்பணுக்கள் அந்த வேகத்தில் கூடுவதில்லை. அதனால்தான் ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே வரும். பொதுவாக 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்பார்கள். எனக்கு அந்த மாத்திரையால் மலச்சிக்கல், மலம் கறுப்பாக வேறு போனது. பயந்துபோய் யாரிடமும் சொல்லாமல் மூன்று வாரம் நிறுத்திவிட்டேன். அடுத்த பரிசோதனையில் 9 கிராம்தான் இருந்தது. டாக்டர் திட்டவில்லை. மலம் கறுப்பது இந்த மாத்திரைக்குச் சகஜம் என்று சொல்லி, வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார். டீ, காபியோடு எடுத்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையையும் வேறு வேளைக்குத் தள்ளி வையுங்கள். ஆரஞ்சு மாதிரி வைட்டமின் சி உள்ள பழத்தோடு எடுத்தால் நன்றாகச் சேரும். பிரசவத்தில் ரத்தம் போகும்போது இந்த இருப்புதான் நம்மைத் தாங்கும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சொல்லுங்கள், நிறுத்தாதீர்கள்.

ஸ்கேன் 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று, உறுப்புகளைப் பார்க்க 18 முதல் 22 வாரத்துக்குள் ஒன்று இருக்கும். 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனை. கர்ப்பகாலச் சர்க்கரை பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, அதனால் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று அதைத் தள்ளிப்போட வேண்டாம். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை நடங்கள். வாரத்தில் 150 நிமிடம், பேச முடிகிற வேகத்தில். தலைவலி, உடம்பு வலிக்கு நீங்களாகவே மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

அப்புறம் அசைவு. முதல் பிரசவத்தில் 18 முதல் 20 வாரத்தில் தெரிய ஆரம்பிக்கும், முதலில் குமிழி வெடிப்பது போலத்தான் இருக்கும். 28 வாரத்துக்குள் உங்கள் குழந்தைக்கென்று ஒரு பழக்கம் வந்துவிடும். இத்தனை முறை அசைய வேண்டும் என்று எல்லோருக்கும் பொதுவான எண்ணிக்கை கிடையாது, அந்தப் பழக்கம் மாறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இரண்டாவது குழந்தையின்போது 33வது வாரத்தில் ஒரு நாள் காலையிலிருந்தே அசைவு குறைவு. கடைசி மாதங்களில் உள்ளே இடம் இருக்காது, குறையத்தான் செய்யும் என்று வீட்டில் பெரியவர்கள் தேற்றினார்கள். நானும் நம்பிப் படுத்திருந்தேன். இரவு மனசு கேட்காமல் கிளம்பிப் போனோம். வயிற்றில் பட்டை கட்டி அரை மணி நேரம் இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். குழந்தை நன்றாக இருந்தது. வீணாகத் தொந்தரவு கொடுத்துவிட்டோமோ என்று நான் கூச்சப்பட்டபோது, நாளைக்கும் இப்படி இருந்தால் நாளைக்கும் வர வேண்டும், இதில் காலையிலிருந்து காத்திருந்ததுதான் தவறு என்றார் அங்கிருந்த நர்ஸ். இடம் இல்லாமல் அசைவு குறையும் என்பது உண்மை இல்லை. உதைப்பது புரள்வதாக மாறலாம், ஆனால் பிரசவம் வரை குறையக் கூடாது. வீட்டில் வைத்துத் துடிப்பு கேட்கும் கருவியை நம்பியும் உட்கார்ந்துவிடாதீர்கள்.

20 வாரத்துக்குப் பிறகு விடாத தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது போன்ற தோற்றம், விலா எலும்புக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது இவையெல்லாம் ரத்த அழுத்தம் ஏறுவதைக் காட்டலாம். கால் வீக்கம் பலருக்கும் வரும், முகம் வீங்கினால் உடனே பாருங்கள். தடிப்பே இல்லாமல் உள்ளங்கை, உள்ளங்கால் இரவில் அரித்தால் கல்லீரல் பரிசோதனை தேவைப்படும். 28 வாரத்திலிருந்து ஒருக்களித்துப் படுத்துத் தூங்குங்கள். விழிக்கும்போது மல்லாந்து கிடந்தால் பதற வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும்.

எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கும்போது உங்களுக்கு மட்டும் அழுகை வரலாம். அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதையும் ரத்த அழுத்தம் மாதிரியே டாக்டரிடம் சொல்லுங்கள். எனக்கு அது வந்தது, சொன்ன பிறகுதான் குறைந்தது.

அடுத்த முறை போகும்போது, நடுராத்திரியில் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்று கேட்டு வாங்கி, உங்கள் போனிலும் கூட இருப்பவர் போனிலும் பதிந்து வையுங்கள்.