அரசு பணத்தைக் குறைத்தால் பிள்ளையின் பட்டம் குறையுமா?

கேள்வி: என் மகளுக்குக் கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் அனுமதி கிடைத்திருக்கிறது. அரசாங்கம் பணத்தை வெட்டிவிட்டது, விரிவுரையாளர்கள் இல்லை, கடைசி ஆண்டு ஆய்வுக்குக் கைக்காசு போட வேண்டும் என்று பலரும் பயமுறுத்துகிறார்கள். மட்டக்களப்பு நகரில் ஒருவர், ஐந்து இலட்சம் முற்பணம் கட்டினால் கொழும்பிலேயே வெளிநாட்டுப் பட்டம் எடுக்கலாம் என்கிறார். அது வேண்டாம் என்றால் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற்றமும் எடுத்துத் தருவாராம். காணியை ஈடு வைக்கலாமா?
ஒரு தந்தை, களுவாஞ்சிக்குடி

பதில்: காணி உறுதியை அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

உங்களைப் பயமுறுத்தியவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை, பாதி உண்மை சொன்னார்கள். தரகருக்குப் பாதி உண்மை போதும், மீதியை அவரே நிரப்பிக்கொள்வார். நான் ஓர் அரச பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பணம் எங்கே வெட்டுப்படும், எங்கே படாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

திறைசேரியிலிருந்து வரும் பணம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு கணக்குகளாக வருகிறது. சம்பளம், மின்சாரம், தண்ணீர், காவல் எல்லாம் மீண்டெழும் செலவு. கட்டடம், கருவி, தளபாடம் மூலதனச் செலவு. வீட்டில் அரிசிக்காசையும் கூரைக்காசையும் பிரித்து வைப்போமே, அதுதான். கஷ்டகாலத்தில் கூரையைத் தள்ளிப்போடுவோம், அரசாங்கமும் அப்படித்தான் செய்கிறது. ஆகவே விரிவுரை நடக்கும், பரீட்சை நடக்கும். உங்கள் மகளின் சான்றிதழில் ஓர் எழுத்தும் குறையாது. பணிப்புறக்கணிப்பு வந்தால் பட்டம் பிந்தலாம், அது வேறு விடயம். 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள், கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் ஒதுக்கச் சொல்லி மூன்று மாதத்துக்கு மேல் பணியைப் புறக்கணித்தார்கள். அந்த 6 வீதம் இன்றுவரை வரவில்லை.

பாதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. 2022 நெருக்கடிக்குப் பிறகு விரிவுரையாளர்கள் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். ஒரு வெற்றிடத்தை நிரப்பப் பல்கலைக்கழகம் தானாக விளம்பரம் போட்டுவிட முடியாது. முகாமைத்துவ சேவைகள் திணைக்களமும் திறைசேரியும் தலையசைக்க வேண்டும், அந்தக் கோப்பு கொழும்பில் எந்த மேசையில் தூங்குகிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு தனி ஆள் வேண்டும். அதுவரை தற்காலிக விரிவுரையாளர்கள் வகுப்பெடுப்பார்கள். நேற்றுப் பட்டம் பெற்ற கெட்டிக்காரப் பிள்ளைகள், பாவம், தங்கள் வேலை அடுத்த ஆண்டும் இருக்குமா என்றே தெரியாதவர்கள். பீடத்தின் கைநூலில் விருப்புப் பாடங்கள் நீளமாக அச்சாகியிருக்கும். அந்த ஆண்டு படிப்பிக்க ஆள் உள்ள பாடங்களைத்தான் உங்கள் மகளால் எடுக்க முடியும். கரும்பலகையும் ஓர் ஆசிரியரும் போதும் என்ற பாடம் பிழைத்துக்கொள்கிறது, ஆய்வுகூடம் கேட்கும் பாடம் மெலிகிறது.

ஆய்வுகூடத்தில் இன்னொரு கூத்து உண்டு. ஒளியை வைத்துப் பொருட்களை ஆராயும் நிறமாலைமானி ஒன்றை மூலதனக் கணக்கில் வாங்குவார்கள். இரண்டு வருடத்தில் அதன் விளக்கு எரிந்துபோகும். புது விளக்கும் கரைசல்களும் மற்றக் கணக்கில் வர வேண்டும், அதில் சம்பளம் போக மிஞ்சுவது கொஞ்சம். ஆகவே கருவி துணியால் மூடப்பட்டு மேசையில் இருக்கும், இருப்புப் புத்தகத்தில் ‘உள்ளது’ என்று எழுதியிருக்கும், கணக்காய்வாளரும் திருப்தியாகப் போய்விடுவார். இதற்கிடையில் மூலதனப் பணம் தவணை தவணையாக வந்து, டிசம்பர் 31க்குள் செலவாகாவிட்டால் திரும்பிப் போய்விடும் என்ற பயத்தில், கடைசி வாரங்களில் விலைமனு கேட்டு, தேவையானதை விட்டுவிட்டுக் கையிருப்பில் உள்ளதை வாங்குகிறார்கள். பணமே இல்லை என்று அழுவதும் வருட இறுதியில் பணத்தை எரிப்பதும் ஒரே கட்டடத்தில் நடக்கும்.

கடைசி ஆண்டு ஆய்வுக்குக் கைக்காசு போவது உண்மைதான். விரிவுரையாளர்களுக்கு ஆராய்ச்சிக் கொடுப்பனவு உண்டு, ஆனால் அது சம்பளத்தோடு சேர்கிறது, மாணவியின் சோதனைக் குழாய்க்குள் போவதில்லை. உண்மையான ஆய்வுப் பணம் தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை போன்றவற்றில் போட்டி போட்டு வாங்குவது. உலக வங்கிக் கடனில் 2017இல் தொடங்கிய உயர்கல்வித் திட்டம் போன்றவையும் வந்தன. அவை வரும்போது எல்லாருடைய தலைப்பும் அந்தப் பக்கம் சாயும். பணம் இல்லாத ஆண்டுகளில் வாவித் தண்ணீரைப் போத்தலில் எடுத்து உப்புத்தன்மை பார்ப்பது, வயல்காரர்களிடம் வினாக்கொத்துக் கொடுப்பது என்று போட்டோப் பிரதிச் செலவோடு முடியும் ஆய்வுகள் பெருகும். அவற்றை இழிவாகச் சொல்லவில்லை, வாவியை நம்மவர்கள்தான் ஆராய வேண்டும். ஆனால் எதை ஆராய்வது என்பதை அறிவு தீர்மானிக்கிறதா, பணப்பை தீர்மானிக்கிறதா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியும். மூன்றாம் ஆண்டிலேயே எந்த விரிவுரையாளரிடம் ஆய்வு மானியம் நடந்துகொண்டிருக்கிறது என்று மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். அவரிடம் சேர்ந்தால் கைக்காசு பெரும்பாலும் மிஞ்சும்.

இப்போது அந்தத் தரகர் தம்பிக்கு வருகிறேன். பல்கலைக்கழக மாற்றத்தைப் பணத்துக்கு வாங்கித் தர எவராலும் முடியாது. மாற்றத்தை மாணவியே காரணம் காட்டி எழுத்தில் கேட்க வேண்டும், ஆணைக்குழுவின் விதிக்குள் அடங்கினால் நடக்கும். இதே ஆட்கள் விடுதி எடுத்துத் தருவதாகவும் மகாபொல புலமைப்பரிசில் ‘போட்டுத் தருவதாகவும்’ தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ள ஒலுவில் பக்கமும் சுற்றுகிறார்கள். மகாபொலவுக்கு விண்ணப்பம் உண்டு, கட்டணம் கிடையாது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆனது. அந்தக் கொஞ்சத்திலும் பங்கு கேட்க இவர்களுக்கு வெட்கமில்லை.

வெளிநாட்டுப் பட்டம் என்றால், எந்த நாட்டின் எந்தப் பல்கலைக்கழகம் என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள். அந்தப் பெயர் மானியங்கள் ஆணைக்குழு ஏற்கும் பட்டியலில் இருக்கிறதா என்று ஆணைக்குழுவிடமே கேளுங்கள். நிறுவனமே பட்டம் தருவதாகச் சொன்னால், பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின்படி அந்தக் குறித்த பட்டத்துக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். ஒரு பட்டத்துக்கு வாங்கிய அனுமதியைப் பெயர்ப்பலகையில் பெரிதாக எழுதிவிட்டு, அதன் நிழலில் நான்கு பட்டம் விற்பது பழைய வித்தை.

அரச பல்கலைக்கழகத்தில் காசு கட்டிப் படிப்பது எல்லாமே மோசடி என்று எடுத்துவிடாதீர்கள். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, பலர் வழுக்குவதும் இங்கேதான். திறைசேரி கையை விரிப்பதால் பல்கலைக்கழகங்களைச் சொந்தமாக உழைக்கச் சொல்கிறார்கள். ஆகவே வெளிவாரிப் பட்டம், வார இறுதி டிப்ளோமா, முதுமாணி என்று கட்டணப் படிப்புகள் நடக்கின்றன. இவை சட்டப்படியானவை, சான்றிதழும் உண்மையானது. ஆனால் வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிவும் பரீட்சையும்தான் பல்கலைக்கழகத்தினுடையவை. கல்முனையிலோ மட்டக்களப்பிலோ வகுப்பு வைப்பவர் பெரும்பாலும் தனியார். அவர் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பலகையில் எழுதிவிட்டார் என்பதற்காகப் பல்கலைக்கழகம் அவருக்குப் பொறுப்பாகாது. பதிவுக் கட்டணம் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், பற்றுச்சீட்டு உங்கள் கைக்கு வர வேண்டும். வகுப்புக் கட்டணம் வேறு, அது வகுப்புக்காரருக்கு. இரண்டையும் சேர்த்து ஒருவர் கையில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இந்த வார இறுதிப் படிப்புகளால் விரிவுரையாளர் திங்கட்கிழமை களைத்து வருகிறார் என்ற குறை எனக்கும் உண்டு, அதை உபவேந்தர்களிடம் சொல்லிப் பார்த்தாயிற்று.

உங்கள் மகளுக்கு இது எதுவும் தேவையில்லை. வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு அவர் போவது உள்வாரி மாணவியாக, படிப்புக் கட்டணம் இல்லாமல். அனுமதிக் கடிதத்தில் பதிவுக்கான இறுதித் திகதி இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். பதிந்த பிறகு விலகினால் அடுத்த முறை விண்ணப்பிப்பது சிக்கலாகலாம், ஆகவே ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் அதைப் பற்றிய பக்கத்தை இருவரும் வாசியுங்கள். அந்தத் தம்பிக்கு ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். இல்லையென்றால், பணத்தைத் திருப்பித் தருவதாக அவரைக் கைத்தொலைபேசியில் குறுஞ்செய்தியாகவாவது எழுத வையுங்கள். பொலிஸ் முறைப்பாட்டுக்கு அது உதவும்.