கண்மாய்க் கரையில் ஈரம்: கேள்வி பதில்

மானாமதுரைப் பக்கத்து விவசாயி: ஐயா, கண்மாய் நிறைந்த மூன்றாம் நாளே கரையின் வெளிப்புற அடியில் நீர் கசிகிறது. உடைந்துவிடுமோ?

கசியாத மண்கரை கிடையாது. அளவோடு நிறத்தையும் பாருங்கள். கண்ணாடித் தம்ளரில் பிடித்துச் சற்று நேரம் வையுங்கள். தெளிவாக இருந்து, கசிவும் கூடாமல் இருந்தால் தினமும் போய்ப் பார்த்துவந்தால் போதும். அடியில் மண் படிந்தால் கரை உள்ளுக்குள் அரிக்கப்படுகிறது. நண்டு வளையோ, பட்டுப்போன மரத்தின் மக்கிய வேரோ வழிவிட்டிருக்கும்.

அப்போது ஊரே திரண்டு வந்து ஊற்றின் வாயில் களிமண்ணை அப்பும். அதுதான் தவறு. வாயை அடைத்தால் நீர் கரைக்குள் முட்டி வேறு பக்கம் பிய்த்துக்கொள்ளும். ஊற்றைச் சுற்றி மணல்மூட்டைகளை வளையமாக அடுக்குங்கள். உள்ளே முதலில் மணல், அதன்மேல் பொடிஜல்லி, பிறகு பெரிய ஜல்லி. நீர் வரட்டும், மண் வரக்கூடாது. அடைப்பதானால் உள்வாயில், நீர் புகும் இடத்தில் அடையுங்கள். கூடவே மதகைத் திறந்து மட்டத்தை இறக்குங்கள். அதிகாரிகளுக்கும் தாழ்வான வீடுகளுக்கும் உடனே சொல்லிவிடுங்கள்.

திருமங்கலத்திலிருந்து ஒருவர்: எந்த அலுவலகத்தில் சொல்வது?

பொதுவாக, ஆயக்கட்டு, அதாவது கண்மாய் நீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம்.

சிவகங்கை வாசகர்: மிகுநீர் வழிந்தோடும் கலிங்கில் மூட்டை அடுக்கினால் இன்னும் ஒரு தண்ணீர் பாய்ச்சலாமே?

ஐப்பசி, கார்த்திகையில் அந்த ஆசை வேண்டாம். கரைமேல் நீர் வழியத் தொடங்கினால் சில மணி நேரத்தில் கரையே இருக்காது. பழைய கலிங்குகளில் வரிசையாக நட்ட கற்களைப் பார்த்திருப்பீர்கள். மழை ஓயும் தறுவாயில் அவற்றின் இடுக்கில் மண்ணை வைத்து அடைத்து மிச்ச நீரைப் பிடித்தார்கள். அவர்களுக்கும் ஆசை இருந்தது, மாதமும் தெரிந்திருந்தது.

அதே வாசகர்: தூர்வாரும்போது கரையோரம் தோண்டி, அந்த மண்ணையே கரைமேல் கொட்டுகிறார்களே?

காலை வெட்டித் தலையில் வைக்கிறார்கள்! கரையடியை விட்டுத் தள்ளி எடுக்க வேண்டும். போடும் மண்ணையும் மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, நனைத்து, உருளை ஓட்டி இறுக்க வேண்டும். லாரியிலிருந்து கொட்டிய மண் முதல் மழைக்கே கரைந்துவிடும். அதற்கு முன், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். நீர் வராத கண்மாயைத் தூர்வாரி என்ன பயன்?

மாணவி ஒருவர்: ஒரு மில்லியன் கன அடி என்பது எவ்வளவு ஐயா?

சுமார் 2.83 கோடி லிட்டர். ஒரு ஏக்கரில் நிறுத்தினால் 23 அடி உயரம் நிற்கும்.