ஹிந்தி தெரியாம அழறது

சார் வணக்கம். எனக்கு ஹிந்தி ஏக் தோ தீன் அளவுக்குத்தான். போன வாரம் நைட் பஸ்ல ஹெட்போன்ல 'காகஸ் கே ஃபூல்'ங்கிற பழைய ஹிந்திப் படத்து பாட்டு வந்துச்சு, கீதா தத் பாடின 'வக்த் நே கியா'. விழுப்புரம் தாண்டுறதுக்குள்ள கண்ணெல்லாம் தண்ணி. அர்த்தமே புரியாத பாட்டுக்கு எதுக்கு சார் அழுதேன்? வீட்ல சொன்னா சிரிக்கிறாங்க.
எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

சிரிக்கட்டும் விடுங்க. என் ஹிந்தியும் தட்டுத்தடுமாறித்தான். கைஃபி ஆஸ்மி எழுதின பல்லவிக்கு அர்த்தம் இவ்ளோதான், காலம் எவ்ளோ அழகா ஒரு கொடுமைய பண்ணிடுச்சு, நீ நீயா இல்ல, நான் நானா இல்ல. இது தெரிஞ்சப்புறமும் கேட்டேன், அழுகை ஒண்ணும் கூடல, பழைய அளவுதான்.

எனக்கு என்ன தோணுதுன்னா கீதா தத் அந்தப் பாட்டுல அழவே இல்ல. விசும்பல் கிடையாது, கதறல் கிடையாது, பக்கத்துல ஒக்காந்து பேசுற மாதிரி பாடிட்டு போயிடறாங்க. பாடுறவங்களே அழுது முடிச்சிட்டா நாம சும்மா வேடிக்க பாக்கலாம், இங்க அந்த வேலை நம்ம தலையில விழுந்துடுது.

படத்தோட ஒருதடவ பாருங்க. 1959ல வந்தது, இந்தியாவோட முதல் சினிமாஸ்கோப் படம். அவ்ளோ அகலமான திரையில காலி ஸ்டுடியோ, படத்த டைரக்ட் பண்ணி நடிச்ச குரு தத்தும் ஹீரோயின் வஹீதா ரஹ்மானும் (நம்ம செங்கல்பட்டுல பொறந்தவங்க) தள்ளித் தள்ளி நிக்கிறாங்க, ரெண்டு பேர் வாயும் அசையல, பாட்டு எங்கிருந்தோ வருது. மேலருந்து சாய்வா ஒரு வெளிச்சம் தூண் மாதிரி எறங்கும் பாருங்க, அது கேமராமேன் வி.கே.மூர்த்தி கண்ணாடி வச்சு வெளி வெயில உள்ள திருப்பி விட்டது. எஸ்.டி.பர்மன் ட்யூன் பாதி, அந்த வெயில் பாதி.

கீதா தத் குரு தத்தோட மனைவி, அதனால நெறய பேர் அவங்க வீட்டுச் சண்டைய வச்சே இந்தப் பாட்டுக்கு வெளக்கம் சொல்லுவாங்க, எனக்கு அது பிடிக்காது. பஸ்ல நீங்க அந்தக் கதையெல்லாம் தெரிஞ்சா அழுதீங்க? படம் அப்ப ஓடல, அதுக்கப்புறம் குரு தத் தன் பேர்ல எதையும் டைரக்ட் பண்ணவும் இல்ல.

ஒண்ணு பண்ணுங்க, இதே பாட்ட ஒரு நாள் பகல்ல, காய் நறுக்கிட்டே கேளுங்க. அப்பவும் கண்ணு கலங்குச்சுன்னா பழி பாட்டு மேல, இல்லாட்டி பாதி பழி அந்த ஜன்னல் சீட்டுக்கு. வெங்காயம் மட்டும் வேணாம்.