மூத்தவனுக்கு 20, இளையவளுக்கு 9: எந்த நாடு ஒத்துவரும்?

(குடும்பத்தோடு வெளிநாட்டில் குடியேறுவது பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்)

கேள்வி: நான், கணவர், 20 வயது மகன், 9 வயது மகள். எந்த நாட்டுக்கு நிரந்தரமாகப் போகலாம் என்று மாதக்கணக்கில் தேடுகிறோம். தேடத் தேடக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மகனின் பிறந்த தேதியிலிருந்து. மகளுக்கு ஒன்பது வயதுதான் என்பதால் பெற்றோரின் விண்ணப்பத்தோடு சேர்த்துவிடலாம். மகனுக்குத்தான் அவகாசம் குறைவு. பிரிட்டனில் வேலை வீசாவோடு துணையாகப் புதிதாக வரும் பிள்ளைக்கு 18 நிரம்பியிருக்கக் கூடாது. எனவே அந்த வழி உங்கள் மகனுக்கு இல்லை. மாணவராகவோ, தனக்குத் தகுதியுள்ள வேறு வீசாவிலோ தனியே போகலாம், அவ்வளவுதான். அமெரிக்காவில் எல்லை 21. கனடாவில் 22 நிரம்பாத, திருமணமாகாத பிள்ளையைச் சேர்க்கலாம்.

கனடாவில் பலரும் சறுக்குவது ஒரே இடத்தில். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (திறமைப் பணியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் கனடாவின் இணையவழி முறை) சுயவிவரம் பதிந்த அன்றே பிள்ளையின் வயது உறைந்துவிடும் என்று நினைத்துவிடுகிறார்கள். உறையாது. அழைப்பு வந்தபின் 60 நாளுக்குள் அனுப்பும் முழுமையான விண்ணப்பம் போய்ச் சேரும் நாளின் வயதுதான் கணக்கு. பரிசீலனை இழுத்துக்கொண்டே போய்ப் பிள்ளைக்கு 23 ஆனாலும் கவலையில்லை. ஆனால் ஒரு சான்று குறைந்து விண்ணப்பம் திரும்பி வந்தால், மறுபடி அனுப்பும் நாளின் வயதையே பார்ப்பார்கள். 22ஆவது பிறந்தநாள் நெருங்கும் வீட்டில் அந்த ஒரு தாள் மகனையே பட்டியலிலிருந்து எடுத்துவிடும். இடையில் மகனுக்குக் கல்யாணம் முடித்தாலும் அதே கதி.

கேள்வி: கணவருக்கு மாதத்தில் பத்து நாள் வெளிநாட்டுப் பயணம். குடியுரிமைக்கு ‘5 ஆண்டு’ என்கிறார்கள். பயண நாட்கள் கழிந்துவிடுமா?

பதில்: பெரும்பாலும் கழியும். இதில் மூன்று கணக்குகள் உண்டு, மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள்: வதிவிடம் பெற எத்தனை நாள், அதைத் தக்கவைக்க எத்தனை நாள், குடியுரிமைக்கு எத்தனை நாள். கனடாவில் பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) நிலைக்க 5 ஆண்டில் 730 நாள் போதும். குடியுரிமைக்கு 5 ஆண்டில் 1,095 நாள் வேண்டும். பி.ஆர். கிடைக்குமுன் மாணவராகவோ தற்காலிகப் பணியாளராகவோ இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாள்தான், அதுவும் அதிகபட்சம் 365 நாள் வரைக்குமே. ஆஸ்திரேலியாவில் குடியுரிமைக்கு நான்கு ஆண்டு வசிப்பு. அதில் கடைசி ஓராண்டு பி.ஆர். ஆக இருக்க வேண்டும். வெளியே இருந்தது மொத்தம் 12 மாதத்தையும், கடைசி ஓராண்டில் 90 நாளையும் தாண்டக் கூடாது.

அமெரிக்காவில் குடியுரிமைக்கு, கிரீன் கார்டோடு (அந்நாட்டின் நிரந்தர வதிவிட அட்டை) 5 ஆண்டு, அதில் 30 மாதம் உள்ளேயே இருந்திருக்க வேண்டும். ஒரே பயணம் ஆறு மாதத்தைத் தாண்டினால் தொடர்ச்சி அறுந்ததா என்ற கேள்வி எழும். ஓராண்டைத் தொட்டால் அறுந்தே போகும். உங்கள் கணவரின் பத்து நாள் பயணங்களுக்கு இந்த ஆபத்து இல்லை. மொத்தக் கூட்டலைப் பார்த்துக்கொண்டால் போதும்.

பிரிட்டனில்தான் அவருக்கு இடிக்கும். மாதம் பத்து நாள் என்றால் 5 ஆண்டில் 600. வழக்கமான 5 ஆண்டுக் குடியுரிமை விண்ணப்பத்துக்கு வரம்பு 450 நாள், கடைசி ஓராண்டில் 90. போதாததற்கு, விண்ணப்பம் போய்ச் சேரும் நாளோடு முடியும் 5 ஆண்டின் முதல் நாளில் பிரிட்டனுக்குள் இருந்திருக்க வேண்டும். அன்று வெளிநாட்டில் இருந்தவர்கள் விண்ணப்ப நாளைத் தள்ளிவைப்பதே நல்லது.

நாள் எண்ணுவதில் ஒரு நுட்பம்: கனடா, பிரிட்டன் இரண்டிலும் கிளம்பிய நாளும் திரும்பிய நாளும் உள்ளே இருந்ததாகவே சேரும். 3ஆம் தேதி போய் 10ஆம் தேதி வந்தால் கழிவது 6 நாள். இதற்கு ஒரு அட்டவணை போடுங்கள்: போன தேதி, வந்த தேதி, எந்த நாடு, விமான எண், டிக்கெட்டின் நகல். கடவுச்சீட்டு முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். தானியங்கி வாயில்களில் முத்திரையே குத்துவதில்லை. பழைய கடவுச்சீட்டைப் புதுப்பிக்கக் கொடுக்குமுன் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள், வெற்றுப் பக்கம் உட்பட.

கேள்வி: பணம் முதலீடு செய்தால் ஐரோப்பியக் குடியுரிமை நிச்சயம் என்கிறார் ஒரு ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: ‘நிச்சயம்’ என்ற சொல்லைக் கேட்டதுமே எழுந்து வந்துவிடுங்கள். சைப்ரஸ் தன் திட்டத்தை 2020இல் மூடியது, அயர்லாந்து 2023இல், ஸ்பெயின் 2025 ஏப்ரலில். அதே மாதக் கடைசியில், மால்டா பணத்துக்குக் குடியுரிமை தருவது ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிச்சமிருக்கும் திட்டங்களிலும் வதிவிட அட்டை வேறு, குடியுரிமை வேறு. ஐக்கிய அரபு அமீரகத்தின் 10 ஆண்டு கோல்டன் வீசாவை எத்தனை முறை புதுப்பித்தாலும் அது குடியுரிமையாக மாறாது. கையெழுத்திடுமுன் அந்நாட்டு அரசின் இணையதளத்தில் திட்டத்தின் பெயரைத் தேடி, விதி எந்தத் தேதியில் திருத்தப்பட்டது என்று நீங்களே வாசியுங்கள்.

கேள்வி: சான்றிதழ்களை எந்த வரிசையில் எடுப்பது?

பதில்: காலாவதி ஆகாதவை முதலில், ஆகிறவை கடைசியில். பிறப்பு, திருமண, பட்டச் சான்றுகளை இப்போதே எடுக்கலாம். காவல்துறை நன்னடத்தைச் சான்று அப்படியல்ல. கனடாவுக்கு, தற்போது வசிக்கும் நாட்டின் சான்று விண்ணப்பத்துக்கு முந்தைய 6 மாதத்துக்குள் பெற்றதாக இருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை 12 மாதம் செல்லும். அவசரப்பட்டு எடுத்துவைத்தால் இரண்டுக்கும் மறுபடி செலவு.

அப்போஸ்டில், அதாவது ஒரு நாட்டின் ஆவணம் உண்மையானது என்று வேறு நாட்டில் காட்ட அரசு இணைக்கும் சான்று, 1961இன் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கிடையே மட்டுமே செல்லும். சீனாவில் 2023 நவம்பரிலும் கனடாவில் 2024 ஜனவரியிலும்தான் அது நடைமுறைக்கு வந்தது. பழைய வழிகாட்டிகள் இன்னும் தூதரக முத்திரையையே சொல்லிக்கொண்டிருக்கும். முதலில் அப்போஸ்டில், பிறகு மொழிபெயர்ப்பு. மாற்றிச் செய்தால் அப்போஸ்டில் தாள் மொழிபெயர்ப்பில் விடுபட்டுப்போகும்.

பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க வீசாவில் அது குடும்பப்பெயராகி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகும். பிறகு வங்கி, பள்ளி, ஓட்டுநர் உரிமம் என எல்லாவற்றிலும் அது தொடரும். கடவுச்சீட்டில் பெயரைப் பிரித்து எழுதவைக்க வேண்டுமானால் வீசாவுக்கு முன்பே செய்துவிடுங்கள்.

கேள்வி: புதிய குடியுரிமை வாங்கினால் பழையது போய்விடுமா?

பதில்: இரு நாட்டு விதியையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஜெர்மனி 2024 ஜூன் 27 முதல் பழையதை விடச் சொல்வதில்லை. ஆஸ்திரியா பெரும்பாலும் விடச் சொல்கிறது. இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், புதிய நாடு எழுத்தில் உறுதி தருமுன் விடாதீர்கள். இடையில் எந்த நாடும் இல்லாமல் நிற்க நேரிடும்.

குழந்தைகளுக்குக் கணக்கு வேறு. அமெரிக்காவில் பெற்றோரில் ஒருவர் குடிமகனாகும்போது, கிரீன் கார்டோடு அவருடைய பொறுப்பில் அங்கேயே வசிக்கும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளையும் தானாகவே குடிமகனாகிவிடும். 18 தாண்டிய பிள்ளை தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வரியையும் சேர்த்தே யோசியுங்கள்: அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டுக்காரர்களும் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் கூட்டுத்தொகை ஆண்டில் ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் தனிப் படிவம் உண்டு. ஊரில் பெற்றோரோடு சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுக் கணக்கும் அதில் சேரும்.