தைமஸுக்குள் டி செல் என்ன செய்கிறது?

கே: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். டி செல் தைமஸில் முதிர்ச்சி அடைகிறது என்று ஒரே வரியில் பாடத்தில் முடித்துவிட்டார்கள். முதிர்ச்சி என்றால் அங்கே உட்கார்ந்து வளர்கிறதா என்று கேட்டாள், முழித்தேன். நீங்களாவது சொல்லுங்கள் டாக்டர்.

ப: உட்காரவே உட்காராது, அதுதான் விஷயம். டி செல் என்பது கிருமிகளை எதிர்க்கும் ஒருவகை வெள்ளை அணு. தைமஸ் என்பது நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கும் மெத்தென்ற சுரப்பி. எலும்பு மஜ்ஜையில் பிறந்த இளம் செல்கள் ரத்தத்தோடு வந்து, அதன் வெளிப்பகுதியும் உட்பகுதியும் சேரும் எல்லையில் இறங்குகின்றன. இறங்கியதும் உள்ளே போகாமல் வெளி விளிம்பை நோக்கி நடக்கின்றன. நடந்துகொண்டே பெருகுகின்றன, கிருமியை அடையாளம் காணும் ஏற்பிக்கான (செல்லின் மேல் நின்று பொருள்களைப் பற்றிக்கொள்ளும் புரதம்) மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஒட்டுவதால் பாதிக்கு மேல் உதவாத சரக்கு.

அப்புறம் திரும்பி உள்நோக்கிப் பயணம். வழியில் வெளிப்பகுதியின் செல்கள் நம் உடலின் அடையாளப் புரதங்களைத் தூக்கிக் காட்டும். அவற்றை லேசாகக்கூடப் பிடிக்கத் தெரியாத செல் மூன்று நான்கு நாளில் தானாகச் செத்துவிடும். பிடிக்கத் தெரிந்தவற்றின் மேல் சிசிஆர்7 என்ற புது ஏற்பி முளைக்கிறது. உட்பகுதியிலிருந்து வரும் வேதி வாசனை அதை இழுக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்த செல்கள் நிமிடத்துக்குச் சுமார் 10 மைக்ரான் வேகத்தில் அலைகின்றன, அதாவது ஒரு மில்லிமீட்டர் தாண்ட ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

எனக்கு மிகவும் பிடித்தது இந்த உட்பகுதிதான். அயர் என்றொரு மரபணு, கணையத்தில் மட்டும் சுரக்க வேண்டிய இன்சுலினைக்கூட இங்கே கொஞ்சம் தயாரிக்க வைத்து, வருகிற டி செல்லிடம் காட்டுகிறது. அதைப் பார்த்துப் பாய்கிற செல்லை அங்கேயே சாகடித்துவிடுவார்கள், அல்லது மற்ற செல்களை அடக்கும் காவல் செல்லாக மாற்றிவிடுவார்கள். இந்த ஒரு மரபணு பழுதானால் உடல் தன் சுரப்பிகளையே தாக்கத் தொடங்கும். தைமஸைப் பள்ளிக்கூடம் என்பார்கள். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் உயிரோடு வெளியே வராத பள்ளிக்கூடத்தை நான் பார்த்ததில்லை!

மிஞ்சியவை ரத்தத்தில் அதிகமாக இருக்கும் ஒரு கொழுப்புப் பொருளை மோப்பம் பிடித்து வெளியேறுகின்றன. மகளிடம் இதையும் சொல்லுங்கள்: டி என்பது தைமஸின் முதலெழுத்துதான்.

கே: வயதானால் தைமஸ் சுருங்கிவிடுமாமே, அப்படியானால் பெரியவர்களுக்கு அது வேண்டாத உறுப்பா?

ப: சுருங்குவது உண்மை, கொழுப்பு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வேண்டாத உறுப்பு என்று மருத்துவ உலகமே ரொம்ப நாள் நினைத்தது. 1961இல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்தவுடன் தைமஸை எடுத்த எலிக்குட்டிகள் நோயில் விழுவதையும் வேறு எலியின் தோலை ஒட்டினால் மறுக்காமல் ஏற்பதையும் காட்டினார். பெரியவர்களுக்கு? பாஸ்டன் மருத்துவர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், தைமஸ் எடுக்கப்பட்டவர்களில் ஐந்து ஆண்டுக்குள் நூற்றுக்கு சுமார் 8 பேர் இறந்திருந்தார்கள். அதே மாதிரி நெஞ்சு அறுவை செய்து தைமஸை விட்டுவைத்தவர்களில் சுமார் 3 பேர். எடுத்ததுதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. தசைச் சோர்வு நோய்க்கோ கட்டிக்கோ எடுக்கச் சொன்னால் எடுக்கத்தான் வேண்டும். நெஞ்சு அறுவையின்போது வழியில் இருக்கிறதே என்று சும்மா வெட்டி எறிவதைப் பற்றித்தான் இப்போது யோசிக்கிறார்கள்.